அல்வாக் கடையில் இரண்டாம் பாகம்

தாமிரபரணிக் கரை ஊர் ஒன்றில் சங்கரபாண்டியன் அல்வாக் கடை வைத்திருந்தார். நிறையப் படிப்பார். ஆனால் எந்தப் புத்தகத்தையும் காசு கொடுத்து வாங்கமாட்டார். அவர் கடையில் அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து பொட்டலம் கட்டும் முப்பிடாதி, கடன் வாங்கி ஒரு நாவல் அச்சடித்தாள். முதலாளி அதை இரவல் வாங்கி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டார். அதன்பின் ஒரு பிரதிகூட விற்கவில்லை.

ஒருநாள் வாடிக்கையாளர்கள் கூடி நிற்கும்போது, "ஊரே படிக்குது முப்பிடாதி. நீ எழுதி வச்சிருக்க ரெண்டாம் பாகத்தையும் குடு, குழுவில போடணும்" என்றார்.

"காசு குடுத்து வாங்குனா என் கடன் அடையும் மொதலாளி."

"நகல் எடுத்தா உனக்கு என்ன கொறஞ்சுது? ஒம் புத்தகம் ஒங்கிட்டதான இருக்கு?"

"அதுவும் சரிதான். போட்டுருங்க. அதுல கதாநாயகி அல்வாக் கடையில வேலைக்குச் சேருதா. நம்ம கடை அல்வாப் பக்குவம் பூராவும் எழுதியிருக்கேன்."

முதலாளியின் கை தராசிலேயே நின்றது. "ஏளா, அது எங்க அப்பா காலத்து ரகசியம்லா."

"நகல்தான மொதலாளி. பக்குவம் உங்ககிட்டதான இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். எதிர் அல்வாக் கடைக்காரர் மட்டும் சிரிக்காமல், "எப்பம்மா குழுவில வரும்?" என்று கேட்டார்.

அன்றே குழுவில், படித்தவர்கள் எல்லாரும் புத்தக விலையைக் கடையில் கட்டவேண்டும் என்று முதலாளி எழுதினார். முப்பிடாதியும் பக்குவத்தைக் கதையிலிருந்து எடுத்துவிட்டாள். முதல் ஆளாக விலை கொடுக்க வந்தவர் முதலாளிதான்.

"நம்ம கடை ஆளுதான நீ. கொஞ்சம் கொறைக்கக் கூடாதா?"

"அல்வாவுக்கு எனக்கு என்னைக்காவது கொறைச்சிருக்கியளா மொதலாளி?" என்றாள் முப்பிடாதி.