மூக்காயி புளிக்க வச்ச கம்புத் தண்ணி

ஒரு ஊர்ல ஒரு சித்தி இருந்தா. என்ன, சித்தின்னதும் போர்வைக்குள்ள போயிட்ட? வெளிய வா. இவ நீ நெனக்கிற மாதிரி சித்தி இல்ல. ஆனா அந்த ஊரும் உன்ன மாதிரியேதான் நெனச்சுது. அதான் கதையே. ம் சொல்லு.

அவ பேரு மூக்காயி. ஆத்துக்கு அக்கரையில பொறந்து இக்கரைக்கு வாக்கப்பட்டு வந்தவ. அவ வரும்போதே அந்த வீட்ல ஒரு புள்ள இருந்துச்சு, குருவம்மான்னு. உன் வயசுதான் இருக்கும். அதப் பெத்தவ செத்துப் போயிட்டா. குருவம்மா மூக்காயிகிட்ட பேசவே பேசாது. தண்ணி வேணும்னா சொம்பத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். மூக்காயியும் வாங்கி, மோந்து குடுத்துருவா. பக்கத்து வீட்லயே குருவம்மாவோட அத்தை ஒச்சம்மா இருந்தா. தம்பி மகள இவ என்ன பாடு படுத்துறாளோன்னு அவ கண்ணு ரெண்டும் எப்பவும் இந்த வாசல்லயேதான் கெடக்கும்.

அப்புறம், குருவம்மாவோட அப்பா உப்பு வாங்க வண்டி கட்டிக்கிட்டு அக்கரைக்குப் போனாரு. அவரு போனதுதான் தாமசம், வானம் பொத்துக்கிட்டு சோ...ன்னு ஊத்துச்சு மழை. ஆறு ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. போனவரு திரும்ப வழியில்ல. அந்த நேரம் பாத்துக் குருவம்மாவுக்குக் காய்ச்சல் கண்டுச்சு.

வைத்தியர் வந்தாரு. கசாயமாக் காய்ச்சி ஊத்துனாரு. காய்ச்சல் எறங்கிருச்சு. ஆனா வயித்துல ஒண்ணும் தங்க மாட்டேங்குது. கஞ்சி குடுத்தா உவ்வே. பால் குடுத்தா உவ்வே. பசின்னு ஒண்ணு இருக்குறதையே அந்தப் புள்ள மறந்துருச்சு. கையும் காலும் ஈர்க்குச்சி கணக்கா ஆகிப்போச்சு.

வைத்தியர் மூக்காயியத் தனியாக் கூப்புட்டாரு. "காய்ச்சல் போயிருச்சுத்தா. மருந்து போட்ட போடுல வயிறு செத்துக் கெடக்கு. லேசாப் புளிச்ச தண்ணி எதாச்சும் கொஞ்சங் கொஞ்சமாக் குடுத்துப் பாரு. பசி எடுத்துருச்சுன்னா பொழச்சுக்கும்."

"எடுக்கலன்னா?"

அவரு மருந்துப் பையக் கட்டிக்கிட்டே இருந்தாரு.

ம்?... சரி, முழிச்சுத்தான் இருக்க.

அப்போ மூக்காயிக்கு அவ அம்மா வீட்டு ஞாபகம் வந்துச்சு. அங்க கம்ப முளைகட்டி, தண்ணி ஊத்திப் புளிக்க விட்டு, அந்தத் தண்ணிய மட்டும் வடிச்சுக் குடிப்பாங்க. நாக்குல சுரீர்னு இருக்கும். இவ குடிச்சிருக்கா, ஆனா ஒரு தடவ கூடப் பண்ணதில்ல. கேக்கலாம்னா அம்மா அக்கரையில. நடுவுல வெள்ளம்.

இருந்தாலும் கம்ப ஊறப் போட்டா. ஒச்சம்மா வந்து நின்னா.

"என்னத்த ஊறப் போட்டுருக்க?"

"கம்பு, மதினி. முளைகட்டிப் புளிக்க வச்சு, புள்ளைக்கு..."

"ஊசிப்போன தண்ணியவா? இந்தா பாரு, அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தம்பிக்கு நீதான் பதில் சொல்லணும்."

"சரி மதினி."

சரின்னு சொல்லிட்டா. ஆனா அவளுக்கும் அதே பயந்தான். புளிச்சது எது, கெட்டது எதுன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? சித்தி குடுத்துப் புள்ள போச்சுன்னு ஒரு பேச்சு வந்தா, அப்புறம் அது போகுமா?

மொதத் தடவ, ஊறுன கம்ப ஈரத்துணியில இறுக்கிக் கட்டி மூலையில வச்சுட்டா. அவுத்துப் பாத்தா முளையக் காணோம். கொழ கொழன்னு பூஞ்சணம் பூத்துக் கெடக்கு, நாத்தம் கொடலப் புடுங்குது. கொண்டுபோய்க் குப்பையில கொட்டுனா. அப்பதான் நெனப்பு வந்துச்சு, அம்மா அத அப்பப்ப எடுத்து அலசுவாளே.

ரெண்டாந் தடவ அலசி அலசி, துணிய லேசாக் கட்டி வச்சா. அவுத்துப் பாத்தா வெள்ள வெள்ளையா முளை, எலிக்குட்டி வால் மாதிரி. மூக்காயிக்குக் கண்ணே கலங்கிருச்சு. ஆனா பயம் விடுதா? கொதிக்கக் கொதிக்க ஊத்துனா கெட்டது எதுவும் வராதுன்னு, சளபுளன்னு கொதிச்ச தண்ணிய அப்பிடியே ஊத்திட்டா. காத்திருந்தா, காத்திருந்தா, புளிக்கவே இல்ல. முளை எல்லாம் வெந்து தொவண்டு போச்சு. உயிர் இருந்தாத்தானே புளிக்கும்? அதையும் கொட்டுனா.

அங்க குருவம்மா கண்ணத் தொறக்கறதே கொறஞ்சு போச்சு. பானையில ஒரு கைப்பிடி கம்புதான் மிச்சம்.

மூணாந் தடவ அதையும் எடுத்து ஊறப் போட்டா. அலசுனா, முளைகட்டுனா. தண்ணியக் காய்ச்சி, நல்லா ஆற வச்சு ஊத்துனா. சட்டி வாய்க்குத் துணியக் கட்டி நெழல்ல வச்சா. அப்புறம் அந்தச் சட்டிப் பக்கத்துலயும் புள்ள பக்கத்துலயும் மாறி மாறிப் போய் உக்காந்தா. சட்டியில காத வச்சா, சத்தமில்ல. புள்ள மூக்குல வெரல வச்சா, மூச்சு வருது. திரும்பச் சட்டி. சத்தமில்ல. திரும்பப் புள்ள. மூச்சு வருது.

அடுத்த நாளும் அப்பிடித்தான். அப்புறம் ஒரு தடவ காத வச்சா... புஸ். நல்லாக் கேட்டா. புஸ்... புஸ்... துணிய வெலக்குனா எலுமிச்சம்பழம் கீறுன மாதிரி ஒரு வாசம்.

ஒச்சம்மாவக் கூப்புட்டா. ஒரு டம்ளர் வடிச்சு, அவ கண்ணு முன்னாடி மடக் மடக்குன்னு குடிச்சா. "மதினி, நாளைக்கு நான் நல்லா இருந்தா புள்ளைக்குக் குடுக்குறேன்."

அன்னிக்கி அவ பட்ட பாடு இருக்கே. வயித்துல ஒரு சின்ன அசைவு வந்தாலும் தூக்கிப் போடுது. ஒச்சம்மா வந்து வந்து எட்டிப் பாக்குறா. "வலிக்குதா?" "இல்ல மதினி." கொஞ்ச நேரம் கழிச்சு, "இப்போ?" "இல்ல."

விடிஞ்சுது. மூக்காயி நல்லாத்தான் இருந்தா. குருவம்மாவ மடியில சாச்சு ஒரு சங்குல ஊத்துனா. புள்ள மூஞ்சியச் சுளிச்சு, "புளிக்குது"ன்னுச்சு. உவ்வேன்னு வரல. கொஞ்ச நேரம் விட்டு இன்னொரு சங்கு. அதுவும் தங்குச்சு.

மத்தியானம் போச்சு. பொழுது சாயுற நேரம், புள்ள வயித்துக்குள்ள குர்ர்ர்ர்ர்னு ஒரு சத்தம். ஒச்சம்மா எந்திரிச்சுட்டா. "நான் சொன்னேனா இல்லியா? வயித்தக் கலக்குது பாரு." மூக்காயி மெல்ல வயித்து மேல உள்ளங்கைய வச்சா. குர்ர்ர்ர்ர்.

"வலிக்குதாத்தா?"

குருவம்மா இல்லன்னு தலையாட்டுச்சு. மூக்காயி மூஞ்சிய நிமிந்து பாத்துச்சு. அப்புறம் சொல்லுச்சு.

"பசிக்குது சித்தி."

ஒச்சம்மா விறுவிறுன்னு வெளிய போனா. போயி, அவ வீட்டு அடுப்பப் பத்த வச்சு, சோத்தக் கொழைய வடிச்சு, உப்புப் போட்டு மசிச்சுக் கொண்டாந்தா. புள்ளையும் அத நாலு வாய் தின்னுச்சு. தின்னுட்டு மூக்காயி மடியிலயே தூங்கிப்போச்சு. அத்தன நாளாக் கண்ணு மூடாத மூக்காயியும் செவத்துல சாஞ்சு உக்காந்தவாக்குல தூங்கிட்டா. ஒச்சம்மா ரெண்டு பேரையும் பாத்துட்டு, கதவ மெல்லச் சாத்திட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டா.

அக்கரையில குருவம்மாவோட அப்பாவும் படுத்துட்டாரு. கதையில இருக்குற எல்லாரும் படுத்தாச்சு. இன்னும் முழிச்சிருக்கறது நீ ஒருத்திதான். ம் சொல்ல வேணாம், கண்ண மூடு.