யானைக்கு முப்பத்தொன்றாம் இடம்

முன்னொரு காலத்தில், மழை பொய்க்காத ஒரு நாட்டை ஓர் அரசன் ஆண்டு வந்தான். அங்கே பஞ்சம் இல்லை, பகைவர் தொல்லையும் இல்லை. அதனால் சபையில் இருந்த பெரியவர்களுக்குச் சண்டை போட வேறு காரணம் வேண்டியிருந்தது. யார் முன்னால் நடப்பது, யார் பின்னால் நடப்பது என்று சண்டை போட்டார்கள்.

தலைமை அமைச்சரான பிரதானி அனந்தகிரியார் தாமே முதல் என்றார். தளவாய் சிங்கராயர், படை இல்லாமல் பிரதானி ஏது என்றார். ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் விருந்து மண்டபத்து வாசலில் நுழைந்து, தோளோடு தோள் சிக்கிக்கொண்டார்கள். பின்வாங்கினால் மரியாதை போய்விடும் என்று இருவரும் அசையவில்லை. தச்சனை வரவழைத்து, வாசல் நிலையைப் பெயர்த்துத்தான் இருவரையும் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் அரசனுடைய சோறு ஆறிப்போயிற்று. ஆறின சோற்றைப் பார்த்ததும் அரசனுக்கு ஓர் ஆசை பிறந்தது. தன் சபையில் யார் எத்தனையாவது என்று ஒரேயடியாக எழுதி முடித்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டான். எழுதும் பொறுப்பைப் பிரதானி தாமாகவே ஏற்றுக்கொண்டார்.

மூன்று மாதம் உழைத்து எழுபத்திரண்டு இடங்கள் கொண்ட வரிசைப் பட்டயம் ஒன்றை அவர் தயாரித்தார். முதல் இடம் அவருக்கு. இரண்டாம் இடமும் கூடுதலாக ஒரு குடையும் தளவாய்க்கு. முப்பத்தொன்றாம் இடத்துக்குப் பத்துப் பேர் அடித்துக்கொண்டதால், அதைப் பட்டத்து யானைக்குக் கொடுத்துவிட்டார். யானையோடு யாரும் வழக்காடப் போவதில்லை அல்லவா? முப்பத்திரண்டாம் இடம் பெற்ற ஆஸ்தான புலவர் மட்டும் ஒரு வாரம் சாப்பிடவில்லை. நந்தவனத்தில் கிளி விரட்டுகிறவனுக்கு எழுபத்தொன்று. அவனுக்கும் கீழே, கடைசியாக, எழுபத்திரண்டாம் இடத்தில் விகடகவி அம்பலக்கூத்தனின் பெயர் இருந்தது.

பட்டயத்தின் அடியில் இரண்டு விதிகள். கீழே உள்ளவர் மேலே உள்ளவரை முந்திக்கொண்டு எந்தக் காரியமும் செய்யக் கூடாது என்பது ஒன்று. அரசரிடம் நேராகப் பேசும் உரிமை முதல் இருவருக்கே உண்டு, மற்றவர்கள் சொல்ல வேண்டியதைத் தமக்கு மேலே இருப்பவரிடம் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. மீறினால் நாடு கடத்தல். இரண்டாவது விதி கூத்தனுடைய நாக்குக்காகவே எழுதப்பட்டது என்பது சபை முழுவதற்கும் தெரியும். அரசன் மட்டும் பசியில் கடைசி வரி வரை படிக்காமல் முத்திரை வைத்துவிட்டான்.

அன்றிலிருந்து கூத்தன் வாய் திறக்கவில்லை. சொல்ல முடியாத பேச்செல்லாம் நெஞ்சில் சேர்ந்து அடைத்தது. மீறிப் பேசிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் நாடு கடத்தல் நினைவுக்கு வரும். பக்கத்து நாட்டு அரசனோ சிரித்தே அறியாதவன். அங்கே போய் எப்படிப் பிழைப்பது?

இப்படியே ஒரு மாதம் போயிற்று. அவ்வருஷம் பெரிய ஏரி நிரம்பியது. ஏரி நிரம்பினால் அரசன் நேரில் போய்த் தண்ணீரில் பூத் தூவுவது வழக்கம். சபை முழுவதும் பட்டயப்படி ஊர்வலமாகக் கிளம்பியது. அரசன் யானை மேல் ஏறினான். ஏறி உட்கார்ந்து பார்த்தால், கண்ணுக்கு எட்டிய வரை முதுகுகள். தனக்கு முன்னால் ஏன் இத்தனை பேர் போகிறார்கள் என்று கேட்டான். யானையின் இடம் முப்பத்தொன்று என்று பிரதானி பணிவோடு பட்டயத்தைக் காட்டினார். அடியில் இருந்தது அரசனுடைய முத்திரையே.

ஏரிக்கரையில் ஊர்வலம் நின்றது. அரசனுக்கு அடுத்த பூவை யார் தூவுவது என்று முன்னால், முதல் இடத்தைக் காட்டிப் பிரதானியும் கூடுதல் குடையைக் காட்டித் தளவாயும் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். அப்போது ஊர்வலத்தின் கடைசியில் நின்ற கூத்தனிடம் மடைக்காவல் வீரணன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சாமி, மூணாம் மடைப் பக்கம் கரை கசியுது. தண்ணி கலங்கலா வருது. ரெண்டு நாழிகை தாங்காது. கீழ ஏழு ஊரு இருக்கு."

முன்னால் இருப்பவர்களிடம் சொன்னாயா என்று கூத்தன் கேட்டான்.

"சொன்னேன் சாமி. எனக்கு எத்தனாவது எடம்னு கேட்டாங்க. பட்டயத்துல பேரே இல்லாதவன் பேசக் கூடாதுன்னு தள்ளிவிட்டுட்டாங்க."

கூத்தன் உடனே கிளி விரட்டுகிறவனிடம் சொன்னான். அவன் எழுபதாம் ஆளிடம் சொன்னான். செய்தி ஐம்பதாம் ஆள் வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. ஐம்பதுக்கும் நாற்பத்தொன்பதுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

அரசனைக் கூப்பிட்டால் நாடு கடத்தல். கூப்பிடாவிட்டால் ஏழு ஊர் போய்விடும். ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தான். பிறகு வரிசையை விட்டு விலகி, நேரே யானையின் முன்னால் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"முப்பத்தொன்றாம் இடத்தில் விளங்கும் பெரியவரே, எழுபத்திரண்டாம் இடத்து எளியவனின் விண்ணப்பம் இது. மூன்றாம் மடையருகே கரை கசிகிறது. இரண்டு நாழிகைக்குள் அடைக்காவிட்டால் ஏழு ஊர்கள் மூழ்கும். தாங்கள் இதை முப்பதாம் இடத்தவருக்குச் சொல்லி, முறைப்படி அரசருக்கு எட்டச் செய்ய வேண்டும். தங்களுக்குக் காது சற்று மந்தமோ என்றுதான் உரக்கச் சொல்கிறேன்."

யானை காதை ஆட்டியது. அதன் மேலிருந்த அரசன் அடுத்த கணம் கீழே குதித்தான்.

பிரதானி ஓடிவந்து, விகடகவி விதியை மீறிவிட்டான், இன்றே அவனை நாடு கடத்த வேண்டும் என்றார். கூத்தனோ, தான் அரசரிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றும், தனக்கு மேலே இருப்பவரிடம்தான் பேசியதாகவும், சந்தேகம் இருந்தால் அவரையே விசாரிக்கலாம் என்றும் யானையிடமே சொன்னான். அரசனுக்கு அதையெல்லாம் கேட்க நேரமில்லை. வீரணனைக் கூப்பிட்டு வழி காட்டச் சொல்லி, எல்லோரையும் மடைப் பக்கம் விரட்டினான்.

ஊர்க்காரர்கள் அதற்குள் வைக்கோல் கட்டும் மண் கூடையுமாக இறங்கிவிட்டார்கள். பட்டயத்தில் பெயர் இல்லாத பாக்கியவான்கள், யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. சபையோர் மட்டும் பட்டாடையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நின்றார்கள். எல்லோரும் இறங்குங்கள் என்று அரசன் சொல்லியும் ஒருவர் கால்கூட அசையவில்லை. கூத்தன் வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் மண் கூடையோடு யானையைப் பார்த்துச் சொன்னான்.

"இறங்கத் துடிக்கிறேன், பெரியவரே. ஆனால் முந்திக்கொண்டால் குற்றம். எனக்கு முன்னால் எழுபத்தொரு பேர் இறங்க வேண்டும்."

அரசன் பிரதானியைத் திரும்பிப் பார்த்தான். பிரதானி தளவாயைப் பார்த்தார்.

"தளவாய் அவர்களே, யோசித்துப் பார்த்தால் முதல் இடத்துக்குத் தாங்களே தகுதியானவர்."

"அந்தப் பாவத்தை நான் செய்வேனா? தங்களுக்கு முன்னால் அடியெடுத்து வைக்க என் மனம் ஒப்பவில்லை" என்று தளவாய் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"இறங்கும் ஐயா" என்றான் அரசன்.

பிரதானி இறங்கினார். இடுப்பு வரை சேற்றில் போனார். பின்னாலேயே தளவாய். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். முப்பத்தொன்றாம் இடத்தவர் முறை வந்ததும் ஒரு பனந்தடியைத் தூக்கிவந்து குறுக்கே போட்டது. முன்னால் இறங்கிய முப்பது பேரும் சேர்ந்து செய்யாத வேலை அது. பொழுது சாய்வதற்குள் கரை கெட்டிப்பட்டு, கசிவு நின்றது. கடைசியாக இறங்கிய கூத்தன், ஊர்க்காரர்களோடு சேர்ந்து மண்ணை மிதித்துக்கொண்டிருந்தான்.

மேலே ஏறி நின்ற சபையைப் பார்த்தான் அரசன். தலை முதல் கால் வரை ஒரே சேறு. பிரதானி யார், கிளி விரட்டுகிறவன் யார் என்று தெரியவில்லை. அரசனின் உதடு துடித்தது. அடக்கப் பார்த்தும் முடியாமல், யானையின் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

அங்கேயே அந்த இரண்டு விதிகளையும் அடித்துப்போட்டான். எந்நேரமும் நேராக வந்து தன்னிடம் பேசும் உரிமையை வீரணனுக்குக் கொடுத்தான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தனுக்குப் போட்டு, எத்தனையாவது இடம் வேண்டும், கேள் என்றான்.

"எழுபத்திரண்டே போதும், அரசே. அங்கே மட்டும்தான் முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை."

திரும்பும்போது அரசன் யானை மேல் ஏறவில்லை. வரிசையின் கடைசியில், ஒரு மாதப் பேச்சையும் சேர்த்துக் கூத்தனிடம் கேட்டுச் சிரித்துக்கொண்டே நடந்தான். முன்னால் போனவர்கள் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் பிரதானியின் நடை தளர்ந்தது. பிறகு தளவாய்க்குக் காலில் முள் குத்தியது. ஒவ்வொருவராகப் பின்தங்க, அரைக் காத வழியைக் கடந்து ஊர்வலம் அரண்மனை சேர விடிந்துவிட்டது.