இருபத்தெட்டுச் சட்டிகள்

பூங்காவனத்திடம் மூன்று வருடம் மண் வேலை கற்றவர் ஓவிய ஆசிரியர் சடகோபன். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அவள் அவரை 'சார்' என்பாள், அவர் அவளை 'அம்மா' என்பார். இதில் யார் குரு என்று பார்ப்பவர்களுக்குத்தான் குழப்பம்.

அன்று திங்கட்கிழமை, அவளைத் தன் வகுப்பறைக்கே கூட்டிவந்துவிட்டார்.

"மூணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு மண் வகுப்பே பிடிக்கலைம்மா. வெள்ளிக்கிழமையும் இப்படியே இருந்தா வகுப்பை நிறுத்திடுவேன்னு தலைமை ஆசிரியை சொல்லிட்டாங்க. நான் என்ன தப்புப் பண்றேன்?"

பலகையில் இருபத்தெட்டுச் சட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. இன்னும் சுடாதவை. எல்லாம் ஒரே அளவு, ஒரே வழவழப்பு.

"பிள்ளைங்க செஞ்சதா?"

"அவங்கதான். சாயங்காலம் நான் கொஞ்சம் சரிபண்ணி வைப்பேன்."

பூங்காவனம் ஒரு சட்டியை எடுத்துத் தரையில் போட்டாள். உடைந்தது. வகுப்பிலிருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொன்றைப் போட்டாள். பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். மூன்றாவதற்கு வகுப்பே சிரித்தது.

"ஐயோ, என்னம்மா பண்றீங்க?" சடகோபன் ஓடிவந்தார்.

"நீங்க ஒருத்தர்தான் பதறுறீங்க, சார்."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். ஒரு முகத்திலும் வருத்தமில்லை. மிச்சச் சட்டிகளை அவரே தண்ணீர்த் தொட்டியில் போட்டார். எல்லாம் மறுபடியும் மண்ணாயின.

அந்த வாரம் முழுக்கப் பிள்ளைகள் புதிதாகச் சட்டி செய்ய, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மூன்று வருடத்தில் இவ்வளவு கஷ்டமான வேலையை அவர் செய்ததில்லை. ஒரு சட்டிக்கு மூக்கு முளைத்தது. ஒன்று உட்காரவே மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மணி அடித்தும் ஒரு பிள்ளைகூட எழுந்திருக்கவில்லை. வாசலில் நின்று பார்த்த தலைமை ஆசிரியை, "அடுத்த வாரம் நாலாம் வகுப்பையும் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். சடகோபனுக்குத் தலைகால் புரியவில்லை.

பூங்காவனமும் வந்திருந்தாள். ஒரு சட்டியை அவள் எடுத்ததுமே நிலவரசி என்ற சிறுமி ஓடிவந்து முந்தானையைப் பிடித்தாள்.

"பாத்துப் பிடிங்க. அது என்னோடது."

சடகோபன் சட்டியைக் குனிந்து பார்த்து, பூங்காவனத்திடம் மெதுவாகக் கேட்டார். "வாய் கோணலா இருக்கேம்மா. ஈரத்துணி வெச்சு லேசா சரிபண்ணிடட்டுமா?"

பூங்காவனம் சட்டியைச் சிறுமியின் கையில் கொடுத்தாள்.

"என்னை ஏன் கேக்கறீங்க, சார்? செஞ்சவங்க இதோ நிக்கறாங்க. அவங்களைக் கேளுங்க."