காலியாக ஓடாத லாரி

மூளையைத் தேயவிடாமல் வைத்திருந்த மூன்று பேர் செம்பட்டியில் ஒரு கோடவுனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீடுகளுக்கு வாடகை நாற்காலி அனுப்பும் கோடவுன். ஒச்சப்பன் மேனேஜர், சின்னக்காமு டிரைவர், மொக்கராசு சுமை தூக்குகிறவன்.

ஒருநாள் முதலாளி வந்தார்.

"டீசல் செலவு தாங்கலடா. நாளைக்கு ரெண்டு கல்யாணம். நிலக்கோட்டையில விடியக்காலை முகூர்த்தம், வத்தலகுண்டுல பத்தரைக்கு. எட்டு மணியானா நிலக்கோட்டை நாற்காலிய இங்க கொண்டுவராம நேரா வத்தலகுண்டுல போடு. லாரி ஒரு தடவைகூடக் காலியா ஓடக்கூடாது. செலவு குறையலேன்னா, கோடவுன் சாவி என் மச்சினன் கைக்குப் போயிரும்."

ஒச்சப்பன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அங்கே அந்தச் சாவி தொங்குவதைப் பார்த்துத்தான் மாமனார் பெண்ணே கொடுத்திருந்தார்.

மறுநாள் எட்டு மணி. நிலக்கோட்டையில் தாலி கட்டியாகிவிட்டது. பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் நாற்காலியை விட்டு அசையவில்லை.

"எந்திரிக்கச் சொல்லிரவாண்ணே?" என்றான் மொக்கராசு.

"கல்யாணத்துக்கு வந்தவங்கள எந்திரின்னு சொல்றது மரியாதையாடா?" என்றான் ஒச்சப்பன்.

"அப்ப ஆளோட தூக்கிரவா?"

"அதான் மரியாதை."

தூக்கினார்கள். பந்தி வேறு இடத்தில் போலிருக்கிறது என்று ஜனங்களும் பேசாமல் இருந்தார்கள். அடுக்கினால் அத்தனை நாற்காலியும் ஏறிவிடும் லாரியில், ஆளோடு இருபதுதான் ஏறியது.

அவற்றை வத்தலகுண்டில் இறக்கிவிட்டு மிச்சத்தை எடுக்கக் கிளம்பியதும் ஒச்சப்பன் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"காமு, காலியா ஓடுது."

"நாம மூணு பேரு இருக்கோமேண்ணே."

"நாம சம்பளக்காரங்க. லோடு இல்ல."

மூவரும் இறங்கி வெகுநேரம் யோசித்தார்கள்.

"இப்ப இறக்குனவங்களையே திரும்ப ஏத்திட்டா?" என்றான் மொக்கராசு.

"இங்க நாற்காலி குறையுமேடா. நாற்காலி இல்லாம நிக்கிறவங்கள ஏத்து."

நியாயமாகத்தான் பட்டது. லாரி அப்படியே நடை அடித்தது. நிலக்கோட்டை உறவுக்காரர்கள் வத்தலகுண்டில் அட்சதை போட்டார்கள். வத்தலகுண்டு மாப்பிள்ளையின் தாய்மாமன் நிலக்கோட்டையில் மொய் எழுதிவிட்டு, பொண்ணு எது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் நாற்காலிகளைக் கோடவுனுக்குக் கொண்டுவந்தபோதும் அதே மரியாதைதான். உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடி வந்தார்கள். நின்றவர்கள், சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள்.

முதலாளி போன் செய்தார். "நாற்காலி வந்துருச்சா?"

"ஒண்ணு குறையாம வந்துருச்சு முதலாளி. ஆளுங்க உக்காந்திருக்காங்க, அதான் இன்னும் அடுக்கல."

"கோடவுன்ல ஏதுடா ஆளுங்க?"

"ரெண்டு கல்யாண வீட்டு ஜனமும் இங்கதான் இருக்கு. பாதிப் பேரு நிக்கிறாங்க, பாக்கவே சங்கடமா இருக்கு. நம்மகிட்ட நாற்காலி பத்தல. ஒட்டன்சத்திரத்துல வாடகைக்கு எடுத்துட்டு வரச் சொல்லி லாரிய அனுப்பிட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. முதலாளி டீசல் மிச்சமானதைக் கணக்குப் போடுகிறார் என்று ஒச்சப்பனுக்குப் புரிந்தது.

"கவலைப்படாதீங்க முதலாளி," என்றான். "லாரிய காலியா அனுப்பல. இங்கேருந்து இருபது நாற்காலிய ஆளோட ஏத்தித்தான் அனுப்பியிருக்கேன்."