சென்னியப்பனின் சைலன்சர்

குரு என்றால் தாடி இருக்கணும், மரத்தடி இருக்கணும் என்று யார் சொன்னது? எங்கள் குருவுக்கு முப்பத்திமூன்று வயது. பெயர் ஹெப்சிபா. கோயம்புத்தூருக்கு வெளியே உள்ள ரேஸ் ட்ராக்கில், சொந்தக் காரைக் கொண்டுவந்து ஆசைக்கு ஓட்டிப் பார்க்கும் எங்களைப் போன்றவர்களுக்கு ஓட்டக் கற்றுத் தருகிறவர். ஒரு காலத்தில் ரேஸ் ஓட்டியவர். பேச்சு கம்மி. எங்களில் பாதிப் பேருக்கு அவரைவிட வயது கூட. இருந்தாலும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

சீடர்களில் மூத்தவர் சென்னியப்பன். வெட் கிரைண்டர் கம்பெனி முதலாளி. ரெண்டே சீட்டுள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்தார். அதற்கு அவர் செய்யாத அலங்காரம் இல்லை. அகலமான ரேஸ் டயர், உயரத்தைக் குறைக்க வேறு ஸ்பிரிங், பின்பக்கம் ஒரு ரெக்கை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சைலன்சர். அதைச் சைலன்சர் என்று சொல்வதே பாவம். அவர் கேட்டுக்குள் நுழைந்தால் கேன்டீனில் டம்ளர்கள் அதிரும்.

அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுத்தது அவர் மனைவி வசந்தாமணி. புருஷனும் பொண்டாட்டியும் கல்யாணமானதிலிருந்து கம்பெனி, கம்பெனி என்றே ஓடினவர்கள். சேர்ந்து சந்தோஷமாகச் செய்தது இது ஒன்றுதான். ட்ராக் நாள் என்றால் அக்காவும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்துவிடுவார்.

போன மழைக்கு முன்னால், கடைசி வளைவில் கார் தட்டாமாலை சுற்றிப் புல்லில் போய் நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அக்கா இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றி சீட்டில் வைத்தார். கேட்டு வரைக்கும் நடந்து போய் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தக் காரில் ஏறவே இல்லை. கோயிலுக்குக்கூட.

நான் சொல்லும் நாளில் சென்னியப்பன் கெஞ்சிக் கூத்தாடி அவரை அழைத்து வந்திருந்தார். அழைத்து வந்தார் என்றால், இவர் சிவப்புக் காரில் முன்னால் வர, அக்கா பின்னால் டாக்ஸியில் வந்தார். வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, ட்ராக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

என் கார் பிரேக் சூடு ஆறட்டும் என்று நான் ஓரமாக நின்றிருந்தேன். சென்னியப்பன் மாஸ்டரிடம் போனார்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கோணுங்."

"கேளுங்கண்ணா."

"இதை வித்துட்டுப் பெரிய வண்டியா எடுத்துரட்டுங்களா? இல்லீனா இதுலயே இன்னும் புடிப்பான டயரு, பெரிய பிரேக்குன்னு போட்டுரட்டுங்களா? எதைப் போட்டா வசந்தா மறுபடி பக்கத்துல உக்காருவா? அதைச் சொல்லுங்க. என்ன செலவானாலும் செரி."

மாஸ்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வாங்கும்போது இதுல ஒரு சைலன்சர் இருந்திருக்குமே. அது எங்க?"

"குடோன்ல கெடக்குதுங்."

"டயரு?"

"அதுவும் அங்கதானுங்."

"கொண்டாரச் சொல்லுங்க. மாட்டலாம்."

மனுஷன் முகத்தைப் பார்க்கணுமே! நாலு பேர் முன்னால் வேட்டியை உருவின மாதிரி நின்றார். நாங்கள் சிரித்தோம். நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்படியே அந்த ரெக்கையையும் கழட்டி வீட்ல ஃபேனா மாட்டிருங்கண்ணா" என்றேன். அவர் என்னை முறைத்தார்.

மதியச் சாப்பாட்டுக்குள் பழைய டயரும் பழைய சைலன்சரும் மாட்டியாகிவிட்டது. ஸ்டார்ட் செய்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க" என்றார் மாஸ்டர். "உக்காந்து கண்ணை மூடிக்கங்க."

"கண்ணை மூடிட்டு என்னத்தப் பாக்கறதுங்?"

"எதையும் பாக்க வேண்டாம்."

காருக்குள் நடந்ததை அவரே பிறகு எங்களுக்குச் சொன்னார். அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"மொதல்ல ஒண்ணுங் கேக்கல. சும்மா ஒரு இரைச்சல். மொத வளைவு வந்துச்சு. அடியில ஏதோ முனகற மாதிரி இருந்துச்சு. அடுத்த வளைவுல இன்னுங் கொஞ்சம். அப்பறம் மெலிசா ஒரு கீச்சு. கீச்சு வந்த உடனே மாஸ்டர் கையை ஒரு துளி தளத்துறாங்க, அது மறுபடி முனகலாப் போயிருது. அடப் பாவி, இது எனக்குத் தெரிஞ்ச சங்கதியாச்சே! கம்பெனியில கல்லு ஓடறப்ப, மூடியத் தொறக்காமயே சொல்லுவனே, உளுந்து பதத்துக்கு வந்துருச்சு, இதுல தண்ணி பத்தலைன்னு. அதேதானுங்க! நாலு டயரும் தனித்தனியாப் பேசுது. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. சின்னப் புள்ளையாட்ட அழுகாச்சியா வந்துச்சு."

"அப்பறம்?"

"மாஸ்டர் மெதுவாத்தான் போறாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். ஒரு குலுக்கல் இல்ல, ஒரு அவசரம் இல்ல. கண்ணைத் தொறந்து மீட்டரப் பாத்தேன். அந்த எடத்துல அந்த வேகத்தை நான் கனவுலயும் தொட்டதில்லீங்க. சாமீன்னு மறுபடி கண்ணை மூடிக்கிட்டேன்."

வெளியே எங்கள் நிலைமையும் அதுதான். சிரித்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தோம். நாங்கள் கிண்டலடித்த அதே கார், ரெக்கை கட்டின எங்கள் கார்கள் எதுவும் போகாத வேகத்தில், சத்தமே இல்லாமல் எங்களைத் தாண்டிப் போனது. டயர் மட்டும் மெல்ல முனகியது. கையில் டீ ஆறிப்போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வசந்தாமணி அக்காகூட நாற்காலியில் லேசாகத் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் மாஸ்டர் பக்கத்தில் உட்கார, சென்னியப்பன் ஓட்டினார். முதலில் தடுமாறினார். போகப் போக அந்த முனகல் அவருக்கும் வந்தது. நிறுத்தினதும் ஹெல்மெட்டோடு மனைவியிடம் ஓடினார்.

"வசந்தா! டயரு பேசுது புள்ள! அன்னிக்கும் பேசியிருக்கும். அந்தச் சனியன் புடிச்ச சைலன்சர்ல எனக்குத்தான் கேக்காமப் போயிருச்சு. இல்லீங்களா மாஸ்டர்?"

"எந்த டயரும் சொல்லாம விடாதுண்ணா" என்றார் மாஸ்டர். "ரேஸ் டயரு மெல்லமாச் சொல்லும். இது நல்லா சத்தமாச் சொல்லும்."

"கேட்டியா வசந்தா? அது சொல்லியிருக்குது!"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"டயரு மட்டுமா சொல்லுச்சு? நானுந்தான் சொன்னேன்."

"நீ எப்பச் சொன்ன?"

"போதுங்க, மெதுவாப் போங்கன்னு கத்துனேன். காதுல விழுகலைன்னு உங்க முட்டியத் தட்டுனேன். தட்டத் தட்ட மிதிச்சீங்க."

சென்னியப்பன் குனிந்து தன் முட்டியைப் பார்த்தார்.

"நீ... நீ சந்தோசத்துல தட்டறீன்னு நெனச்சனே!"

எனக்குச் சிரிப்பு வந்திருக்கணும். வரவில்லை. அந்த மனுஷன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

அங்கிருந்தே மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப நான் என்ன பண்றதுங்க மாஸ்டர்?"

"வண்டியப் பத்தின கேள்வியா இருந்தா எங்கிட்டக் கேளுங்க" என்றார் மாஸ்டர். "இது அக்காகிட்டக் கேக்க வேண்டியது."

சொல்லிவிட்டு, காருக்குள் கிடந்த அக்காவின் ஹெல்மெட்டை எடுத்து வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். அத்தோடு போய் என் காரின் பிரேக்கைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

சென்னியப்பன் கேட்கவே ரொம்ப நேரமானது.

"வசந்தா. வாரியா?"

கெஞ்சல் இல்லை. சத்தியம் இல்லை. அவ்வளவுதான் கேட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். எங்களுக்குத் தெரிந்து அவர் அத்தனை நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

அக்கா காரைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். ஹெல்மெட்டை எடுத்து மேலே இருந்த தூசியை முந்தானையால் துடைத்தார்.

"வாரேன்."

கார் கிளம்பியது. நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். ரொம்ப அழகாக ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் அந்த முனகல் வந்தது, அடங்கியது. கடைசி வளைவுக்கு வந்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று வேகம் செத்துப்போனது. கல்யாண ஊர்வலத்துக் கார் மாதிரி ஊர்ந்து வளைவைத் தாண்டி, ஊர்ந்தே எங்களிடம் வந்தது.

"என்னாச்சு?" என்றேன் மாஸ்டரிடம். அவர் காரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் இன்ஜினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"பயந்துட்டியா புள்ள? முட்டியத் தட்டுனியே."

வசந்தாமணி அக்கா ஹெல்மெட் வாரை நிதானமாக அவிழ்த்தார்.

"பயமெல்லாம் இல்லீங்க. உங்களுக்குக் கேக்குதான்னு பாத்தேன்."