இடது பின்கதவு

கதவு திறக்கவில்லை.

பின்சீட்டில் இருந்த ஆசான் கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை. மறுபடி இழுத்தார். ம்ஹூம். வெளியே ராசிபுரத்துக் கல்யாண மண்டப வாசலில் நாற்பது பேர் மாலையோடு நின்றார்கள். கண்ணாடிக்குள் குரு தெரிந்தார். இறங்குவதாகத்தான் தெரியவில்லை.

ஓட்டி வந்த சீடன் மாசிலாமணி குதித்து இறங்கினான். வண்டியைச் சுற்றி ஓடினான். வெளியிலிருந்து இழுத்தான். சட்டென்று திறந்தது.

"வழி விடுங்கப்பா, சாமியோட ஆளு வர்றாரு" என்றார் ஒருத்தர்.

கூட்டம் ஒதுங்கியது. ஒரு பெரியவர் ஆசானுக்குப் போட்ட கும்பிடோடு மாசிலாமணிக்கும் ஒரு கும்பிடு போட்டார். இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவன் அவன். அவனைப் பார்த்து அதுவரை கை தூக்கியதெல்லாம் செக்போஸ்ட் போலீஸ்தான்.

அந்தக் கும்பிடு அவனுக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது, ரொம்பவே பிடித்திருந்தது.

கொல்லிமலை அடிவாரத்தில் இருந்த அவர்கள் மடத்தில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். அவரவர் வேலையை அவரவர் செய்யணும். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவணும், படுத்த பாயைத் தானே சுருட்டணும். ஆசானுக்கும் அதேதான். அவர் மாசிலாமணியைவிடப் பத்து வயது சின்னவர். அதனால் அவனை வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார்.

மூன்று வருஷமாக மாசிலாமணி அங்கே கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். யாரும் அவனைத் திட்டியதில்லை. யாரும் அவனைக் கவனித்ததும் இல்லை. அப்போதுதான் திருச்செங்கோட்டு போர்வெல் முதலாளி ஒருவர் புதுக் கார் ஒன்றைக் கொண்டுவந்து மடத்து வாசலில் நிறுத்தினார். ஆசான் வேண்டாம் என்றார். முதலாளி சாவியை உண்டியலில் போட்டுவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். மடத்தில் லைசென்ஸ் இருந்தது மாசிலாமணி ஒருவனிடம்தான்.

லாரியில் இல்லாத சில்லறைச் சமாச்சாரம் அந்தக் காரில் ஏகப்பட்டது இருந்தது. முன்கண்ணாடி ஓரத்தில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளிகள். பெயிண்ட் தெறித்திருக்கிறது என்று நினைத்துத் தேங்காய் நாரால் அரைமணி நேரம் தேய்த்தான். போகவில்லை. பின் பம்பரில் வட்ட வட்டமாக நாலு பொத்தான்.

"பொட்டு வைக்க இடம் விட்டிருக்கான் பாருங்க சாமி. விவரமானவன்!"

நாலிலும் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தான். ரிவர்ஸ் போட்டதும் வண்டி கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. பின்னால் ஒரு கோழிகூட இல்லை.

"அந்தப் பொத்தான் எதுக்கு?" என்று ஆசான் கேட்டார்.

"தெரியலைங்க சாமி."

"உள்ளே புத்தகம் இருக்குதே."

"இருபத்தாறு வருஷம் ஓட்டினவனுக்குப் புத்தகமுங்களா?"

ஆசான் முன்பக்கப் பெட்டியைத் திறந்தார். கவர்கூடப் பிரிக்காத புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

"பின்கதவு?"

"புதுப் பூட்டுங்க. போகப் போக இளகிடும்."

அடுத்த வாரம் சேந்தமங்கலம் பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினான். பெட்ரோல் போடுகிற நாகேஸ்வரி குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, டேங்க் அந்தப் பக்கம். வண்டியைத் திருப்பிட்டு வாங்க."

"எந்தப் பக்கம்னு எப்படித் தெரியும்?"

"மீட்டர்ல பெட்ரோல் படத்துக்குப் பக்கத்துல குட்டியா ஒரு அம்பு போட்டிருக்கும் பாருங்க. அது காட்டற பக்கம்தான் டேங்க்."

பார்த்தான். இருந்தது.

"லாரி லாரின்னு போன தடவை அவ்வளவு பேசுனீங்க!"

"லாரில டேங்க் கண்ணுக்கு முன்னாடி தொங்கும் புள்ள. அதுக்கு எதுக்கு அம்பு?" என்றவன், மானம் போனது போனதுதானே என்று பின்கதவையும் கேட்டுவிட்டான்.

அவள் இடது பின்கதவைத் திறந்து அதன் ஓரத்தைக் காட்டினாள். வெள்ளையாக ஒரு சின்னக் குச்சி. பக்கத்தில் ஒரு குழந்தையின் முகம்.

"சைல்ட் லாக் அண்ணா. ஓடற வண்டில புள்ளைங்க கதவைத் திறந்துடக் கூடாதுல்ல? இதை மேலே தள்ளிட்டா உள்ளே இருக்கறவங்களே திறந்துக்கலாம். தள்ளி விடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்."

"ஏன், பின்னாடி குழந்தை வருதா?"

"ஆமா" என்றான்.

அப்புறம் இரண்டு மாசம் ஓடியது. எந்த ஊருக்குப் போனாலும் ஆசான் பின்னால் உட்கார்ந்திருப்பார். மாசிலாமணி சுற்றி ஓடுவான். கதவைத் திறப்பான். தோளில் ஒரு வெள்ளைத் துண்டும் சேர்ந்துகொண்டது. பந்தியில் அவனுக்கு முதல் வரிசையில் இலை போட்டார்கள். "சாமிக்குக் காரம் ஆகுமா, ஆகாதா?" என்று அவனிடம்தான் கேட்டார்கள். அவன் யோசித்துப் பதில் சொன்னான். உண்மையில் அவனுக்குத் தெரியாது.

நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டியில் ஒரு பூஜை. மோர் குடித்துக்கொண்டு நின்றபோது இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது.

"தன் தட்டைத் தானே கழுவற சாமின்னு சொன்னியே?"

"அது கார் வர்றதுக்கு முன்னாடி. இப்பக் கதவைத் திறந்துவிடவே ஒரு ஆளு. திறக்கலைன்னா மகராசன் இறங்க மாட்டாராம்."

"நாற்பது பேர் வெயில்ல நின்னாலுமா?"

"நானூறு பேர் நின்னாலும்தான்."

சிரித்தார்கள். டம்ளரைத் தூக்கி எறியலாம் போல மாசிலாமணிக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் எறிவது என்பதுதான் பிரச்சினை. மோரைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தான்.

திரும்பி வரும்போது அஞ்சு கிலோமீட்டர் பொறுத்துக்கொண்டான். அதற்கு மேல் முடியவில்லை.

"சாமி, உங்களைத் தப்பாப் பேசறாங்க."

"என்னன்னு?"

"கதவைத் திறக்க உங்களுக்கு ஆள் வேணுமாம்."

"வண்டியை ஓரம் கட்டுங்க."

கட்டினான். ஆசான் சீட்டிலேயே வலது பக்கம் நகர்ந்தார். அந்தப் பக்கத்துக் கதவின் கைப்பிடியை இழுத்தார். திறந்தது. இறங்கினார். சோம்பல் முறித்தார். மஞ்சள் காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாசிலாமணி இறங்கி வந்தான்.

"அந்தக் கதவு எப்ப இருந்துங்க சாமி திறக்குது?"

"முதல் நாள்ல இருந்தே. கதவுக்குக் கதவு தனித்தனிக் குச்சி. புத்தகத்துல நாற்பத்தொண்ணாம் பக்கம். பம்பர் பொத்தான், பின்னால ஏதாவது இருந்தாக் கத்தற சென்சாராம்; சந்தனம் அப்பினாலும் கத்துமாம். கண்ணாடில இருக்கற கறுப்புப் புள்ளி எதுக்குன்னுதான் அதுல போடலை."

"அப்ப அந்தப் பக்கமா இறங்கியிருக்கலாமே? எதுக்கு உக்காந்தே இருந்தீங்க?"

"நீங்க ஓடி வந்தீங்க."

மாசிலாமணி துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் சுருட்டினான்.

"எனக்கும் குச்சி தெரியுமுங்க சாமி. பெட்ரோல் பங்க்லயே அந்தப் புள்ள காட்டிடுச்சு. நான்தான் தள்ளலை."

"தெரியும்."

"எப்படிங்க?"

"அதுக்கப்புறம் நீங்க இன்னும் வேகமா ஓடி வந்தீங்க."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. தப்புச் செய்தவனுக்கு வருகிற கோபம்.

"ஊரே உங்களைப் பார்த்துச் சிரிக்குது. தெரிஞ்சும் சும்மா உக்காந்திருந்தீங்களா? நீங்களே தள்ளி விட்டிருக்கலாமுங்களே! ஒரு விரல் வேலை!"

"என் கதவா இருந்தாத் தள்ளியிருப்பேன்" என்றார் ஆசான்.

திரும்ப வண்டியில் ஏறினார். இடது ஓரத்துக்கே நகர்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஆத்தூர் போகணும். அதுக்குள்ள தள்ளிடுங்க."

"சரிங்க சாமி."

விடிந்ததும் மாசிலாமணி வண்டியைக் கழுவினான். இடது பின்கதவைத் திறந்தான். குச்சி இருந்தது. நகத்தால் நெம்பினால் போதும். நெம்பினால் ஆசான் தானே இறங்குவார், ஜனம் அவர் பின்னாடி போகும். இவன் வண்டியை எங்கே நிறுத்துவது என்று நிழல் தேடிக்கொண்டிருப்பான். ஆசானுக்காகத் தள்ளலாம். தள்ளத்தான் வேண்டும். பேச்சு வாங்குவது அவர். இதெல்லாம் அவனுக்குத் தெரியாமல் இல்லை.

கதவைத் துடைத்தான். குச்சியையும் துடைத்தான். சாத்தினான்.

ஆத்தூரில் கூட்டம் அதிகம். வண்டி நின்றது. ஆசான் கைப்பிடியை இழுத்தார். திறக்கவில்லை. அவர் வலது பக்கம் நகரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார். மாசிலாமணி மேலே இருந்த கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தான். கோபமாக இருந்தால் தேவலை. டவுன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி இருந்தார்.

மாசிலாமணி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தான்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். "டிரைவரே, சாமி உள்ளேயே இருக்காரு பாருங்க. தூங்கிட்டீங்களா?"

இறங்கினான். ஓடவில்லை. நடந்து சுற்றிப் போனான். திறந்தான்.

ஆசான் காலைத் தரையில் வைத்தார். அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"இன்னைக்கு மெதுவா வந்தீங்க."

மாசிலாமணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கதவு திறந்துதான் இருக்குது. இப்பவே தள்ளிடுங்க."

சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். கூட்டமும் அவரோடு போனது. வாசலில் செருப்புகளும் மாசிலாமணியும் மட்டும் மிச்சம். கதவை அவன் இன்னும் விடவில்லை. கட்டைவிரல் குச்சிமேல்தான் இருந்தது. பார்க்க ஒருத்தரும் இல்லை.

தள்ளவில்லை.