பூண்டுக்கு முகம் சிவந்த கதை

அந்தக் காலத்தில், அடுப்பங்கரையில் இருந்ததெல்லாம் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, பூண்டுக்குத் தோலும் கிடையாது, பல்லும் கிடையாது. எலுமிச்சம்பழம் அளவுக்கு வழுவழுவென்று ஒரே உருண்டை. வாய் மட்டும் ரொம்ப நீளம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வைக்கத் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று ஊர்ப்பட்ட பெருமை பேசும். நல்லெண்ணெய் அதன் சிநேகிதன். அது அதிகம் பேசாது. பூண்டு சொன்னதையெல்லாம் நம்பும்.

அந்த வீட்டு மாடத்திக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பால் இறங்கவில்லை. பிள்ளை வெறும் மார்பைச் சப்பிச் சப்பி அழுதது. மாடத்தியின் நாத்தனார் உலகம்மை பூண்டிடம் வந்து கேட்டாள். எண்ணெயில் இறங்கி வதங்கித் தரவேண்டும், அவ்வளவுதான். பூண்டு தாராளமாகச் சரி என்றது. எண்ணெய் முதலில் காயட்டும், பின்னாலேயே வருகிறேன் என்றும் சொன்னது.

எண்ணெய் சட்டியில் இறங்கியது. சூடு ஏறி அது நெளிவதை எட்டிப் பார்த்த பூண்டு பயந்து பின்வாங்கியது. மெல்ல நழுவி வெங்காயக் கூடைக்குள் போய், உதிர்ந்து கிடந்த சருகுத் தோலை மேலே சுற்றிக்கொண்டு படுத்துவிட்டது. அப்போது அதற்கு மணமும் கிடையாது. யாருக்குத் தெரியப்போகிறது?

உலகம்மை தேடாத இடமில்லை. சட்டியை இறக்கிவிடட்டுமா என்று எண்ணெயிடம் கேட்டாள்.

"வாரேன்னு சொல்லியிருக்கான், வந்துருவான். இறக்காதீங்கக்கா," என்றது எண்ணெய்.

அது காய்ந்தது, புகைந்தது, கடைசியில் கருகியே போனது. கருகும்வரை பூண்டை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கூடைக்குள் கிடந்த பூண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. உள்ளே பிள்ளைக்கு அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. பிறகு சத்தமே வராமல் அழுதது.

"என் தோலைப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கே. நாளைக்கு என்னையும்லா உன் கூட்டுன்னு சொல்லுவாவ," என்றது பக்கத்தில் இருந்த வெங்காயம்.

பூண்டு வெட்கத்தில் குறுகியது. குறுகிக் குறுகி அந்த உருண்டை பல்பல்லாகப் பிளந்தது. போர்த்திய தோலை உதறப் பார்த்தால், அது ஒவ்வொரு பல்லோடும் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயைத் திறக்கவும் முடியாமல், அந்தக் கோலத்தோடே உருண்டு உலகம்மையின் காலடிக்கு வந்தது.

கருகியதைக் கொட்டிவிட்டு, சாடியின் அடியில் மிச்சமிருந்த எண்ணெயை அவள் சட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மிச்சம் கொஞ்சம்தான் என்றாலும் அதே சிநேகிதன்தானே; அதன் முகத்தைப் பார்க்கப் பூண்டுக்குத் தைரியம் இல்லை.

"பயந்துட்டேன். இனிமே நான் எங்க ஒளிஞ்சாலும் ஊருக்கே தெரியணும்," என்று தரையைப் பார்த்துச் சொன்னது. தோலை உரிக்கச் சொல்லி, எண்ணெயில் விழுந்தது.

அப்போதுதான் அதிலிருந்து முதன்முதலாக மணம் கிளம்பியது. எண்ணெய் அதை ஒரு சொட்டு விடாமல் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொண்டது. சிறு தீயில் பூண்டின் முகம் மெல்லச் சிவந்தது. உலகம்மை இன்னும் கொஞ்சம் வேகட்டும் என்று நின்றாள். அவளுக்கும் கோபம் இருக்காதா?

எண்ணெய்தான் சொன்னது: "போதும்க்கா, அவனை எடுத்துருங்க. இதுக்கு மேல வெக்கப்பட்டா கசந்துருவான்."

அவள் அரித்தெடுத்துத் தட்டில் வைத்தாள். சுடுசோற்றில் அந்த எண்ணெயை ஊற்றி, பூண்டையும் பிசைந்து மாடத்திக்குக் கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் பால் சுரந்தது. பிள்ளை குடித்துவிட்டுத் தூங்கியது.

அன்று முதல்தான் பூண்டு எங்கே ஒளிந்தாலும் மணம் அதைக் காட்டிக்கொடுக்கிறது. அன்று முதல்தான் பொன்னிறம் வருவதற்குச் சற்று முன்பே அதை எண்ணெயிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். எடுத்துத் தட்டில் வைத்த பிறகும் அது கொஞ்ச நேரம் சிவந்துகொண்டுதான் இருக்கும். மன்னித்துவிட்டார்கள் என்பதற்காக வெட்கம் உடனே அடங்கிவிடுமா?